போன்ஸ் பழக விரும்பும் தாள மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பி தங்கையருக்கு,

படிப்புக்காகவோ வேலைக்காகவோ அயர்லாந்து வந்து டப்ளினிலும் கார்க்கிலும் லிமெரிக்கிலும் தங்கியிருக்கும் உங்களில் பலர் ஊரில் மிருதங்கமோ தவிலோ கஞ்சிராவோ பழகியவர்கள். வாத்தியத்தை விமானத்தில் ஏற்ற வழியில்லாமல் வீட்டிலேயே விட்டு வந்தவர்கள். ஏதோ ஒரு மாலை, பப்பின் மூலை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஃபிடிலும் குழலும் அக்கார்டியனும் வாசிப்பதைக் கேட்டதும் உங்கள் விரல் தானாகத் தொடையில் தட்டத் தொடங்கிவிடும். அந்த வட்டத்தில் ஒருவர் ஒரே கையில் போன்ஸ் என்ற இரண்டு எலும்புத் துண்டுகளை வைத்துக்கொண்டு தாளம் பொழிவதைப் பார்த்தால், ‘இது நமக்கு வரும்’ என்று தோன்றும்.

வரும். தாளம் கற்ற கைக்கு அது வேகமாகவே வரும். அதனால்தான் இந்த மடல். கைக்குச் சீக்கிரம் வசப்படும் வாத்தியத்தில், கற்க வேண்டிய மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மேடையேறும் அவசரமும் சீக்கிரம் வந்துவிடுகிறது. போன்ஸில் கையைப் பழக்குவது ஒரு பங்கு வேலை. அது எந்த மெட்டுகளுக்காக வாசிக்கப்படுகிறதோ அவற்றைக் கற்பது இன்னொரு பங்கு. அதை வாசித்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று அறிவது மற்றொரு பங்கு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் உங்களிடம் இருப்பது வெறும் சத்தம்தான் என்று நான் நம்புகிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பொருள். போன்ஸ் என்பது ஒரு ஜோடி விலா எலும்பு, பெரும்பாலும் மாட்டினுடையது. சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம், சுமார் 13 முதல் 18 சென்டிமீட்டர், லேசான வளைவு. கறிக்கடையில் வாங்கிய விலா எலும்பை வேகவைத்து, ஒட்டியிருக்கும் சதையையும் கொழுப்பையும் சுரண்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஒரே நீளத்துக்கு அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் வாத்தியம் தயார். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். எலும்பு வேண்டாம் என்பவர்களுக்குக் கருங்காலி, ரோஸ்வுட் போன்ற கெட்டி மரத்தில் செய்த ஜோடிகள் கிடைக்கின்றன. எலும்பின் ஒலி கூர்மையாகத் தெறிக்கும்; மரத்தின் ஒலி சற்று உருண்டு வரும். பழகுவதற்கு இரண்டும் ஒன்றே. பழைய காலத்தில் யானைத் தந்தத்திலும் செய்தார்கள். பழம்பொருள் என்று சொல்லி யாராவது தந்தத்தில் செய்ததை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மாட்டு எலும்பைக் கையில் எடுக்க உங்களில் சிலர் கூசுவீர்கள். மரத்தை எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். அதில் குறையேதும் இல்லை. ஆனால் கூசும் முன் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நீங்கள் ஆண்டுக்கணக்கில் வாசித்த மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலால் ஆனவை. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல் போர்த்திய காலம் வெகு தொலைவில் இல்லை. மிருதங்கத்தின் தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்த கைவினைஞர்கள். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை அவர்களைப் பற்றி எழுதினார். மேடையில் வாசித்தவர்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்கள் பலர், வாத்தியம் செய்தவர்களின் பெயர்களை அந்த நூலில்தான் முதன்முதலாகப் படித்தார்கள். ஒலியை வாங்கிக்கொண்டு, அந்த ஒலிக்குக் கையை அழுக்காக்கிக்கொண்டவரை வாசலோடு நிறுத்திவிடும் பழக்கம் நமக்கு இருந்திருக்கிறது. புதிய வாத்தியத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

இனி கை. நடுவிரலின் இரு பக்கமும் ஒவ்வோர் எலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். குவிந்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று உள்ளங்கையோடு ஊன்றி, அசையாமல் நிற்க வேண்டும். மற்றது தளர்ந்து, விரலிடுக்கில் ஆடத் தயாராக இருக்க வேண்டும். எந்த எலும்பை நிலையாக வைப்பது, எந்த விரலால் அணைப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. யாரிடம் கற்கிறீர்களோ அவருடைய பிடியை முதலில் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் கையின் அளவு அதற்கொரு திருத்தம் சொல்லும்.

அசைவு விரலில் கிடையாது. மிருதங்கக்காரர்கள் இதை ஏற்றுக்கொள்ளச் சிரமப்படுவார்கள், ஏனென்றால் நம் கல்வி முழுவதும் விரலில்தான் இருக்கிறது. இங்கே முன்கை சுழல வேண்டும், ஈரக் கையை உதறும்போது சுழல்வதைப் போல. கை ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போது தளர்ந்த எலும்பு நிலையான எலும்பின் மேல் மோதும். அது ஒரு தட்டு. திரும்பி வரும்போது இன்னொன்று. போய், வந்து, மறுபடி போனால் மூன்று ஒலிகள் ஒரே வீச்சில் விழும். அந்த மூன்றுதான் போன்ஸின் உயிர்நாடி. அயர்லாந்துக்காரர்கள் அதை ட்ரிப்ளெட் என்கிறார்கள். நன்றாக விழுந்தால் ‘தகிட’ என்று வாயால் சொன்ன மாதிரி தெளிவாக மூன்றும் தனித்தனியே கேட்கும்.

தொடக்கத்தில் சத்தம் வராவிட்டால் பிடியை இறுக்கத் தோன்றும். இறுக்க இறுக்க ஒலி செத்துவிடும். நிலையான எலும்புக்கு உறுதி தேவை, ஆடும் எலும்புக்கு விடுதலை தேவை; ஒரே கையில் இரண்டும் சேர்ந்திருப்பதுதான் கடினம். ஒரு வாரம் வெறும் தட்டு மட்டும் போடுங்கள். மெட்ரோனோமை மெதுவாக வைத்து, ஒவ்வொரு தட்டும் ஒரே கனத்தில் விழுகிறதா என்று கேளுங்கள். பிறகு மூன்றைச் சேருங்கள். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அயர்லாந்து மரபில் பெரும்பாலும் ஒரு கையால்தான் வாசிப்பார்கள்; அமெரிக்காவில் இரு கைகளிலும் ஒவ்வொரு ஜோடி வைத்து வாசிப்பது வழக்கம். இரு கையும் பழகுவது நல்லதுதான். ஆனால் ஒரு கை சுத்தமாகப் பேசிய பிறகு அடுத்த கைக்குப் போங்கள்.

இந்த இடத்தில்தான் உங்களுக்கு ஓர் ஊக்கமும் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊக்கம் என்னவென்றால், இந்த மெட்டுகளின் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. ஜிக் என்பது அடிக்கு மூன்றாக இரண்டு அடி, நம் திஸ்ர நடை. ரீல் சதுஸ்ரத்தில் ஓடும். ஸ்லிப் ஜிக் அடிக்கு மூன்றாக மூன்று அடி. ஹார்ன்பைப் சதுஸ்ரம்தான், ஆனால் முதல் சொல்லைச் சற்று நீட்டி அடுத்ததைக் குறுக்கி அசைந்து நடக்கும். போல்கா இரண்டு அடியில் துள்ளும். கெரி, கார்க் மாவட்டங்களின் எல்லையில் இருக்கும் ஸ்லீவ் லூக்ரா வட்டாரம் அதற்குப் பேர்போனது. இதையெல்லாம் ஒரே மாலையில் நீங்கள் பிரித்துக் கேட்டுவிடுவீர்கள்.

எச்சரிக்கை, இந்தக் கணக்கு தெரிந்தவுடன் கோர்வை வைக்கக் கை துறுதுறுக்கும் என்பது. வைக்காதீர்கள். நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் என்று தாளக்காரருக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செஷன் என்று அழைக்கப்படும் இந்தக் கூடலில் அப்படி ஓர் இடம் கிடையாது. மெட்டுதான் அங்கே எல்லாம். எட்டு தாள வட்டம் கொண்ட முதல் பகுதி இருமுறை, அதேபோல இரண்டாம் பகுதி இருமுறை. பெரும்பாலான மெட்டுகள் இப்படி முப்பத்திரண்டு வட்டத்தில் முடியும். அதையே இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். ஃபிடில், குழல், அக்கார்டியன் எல்லாம் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கும். ஒவ்வொருவரும் தம் விரலுக்கு ஏற்ற சின்னச் சின்ன அசைவுகளை அதில் சேர்ப்பார்கள். அந்த அசைவுகளைக் கேட்பதில்தான் அங்கே வந்திருப்பவர்களின் இன்பம் இருக்கிறது. உங்கள் முத்தாய்ப்பு எவ்வளவு அழகாகச் சமத்தில் இறங்கினாலும் அது அந்த இன்பத்தின் மேல் விழுந்த கல்தான்.

நம் ஊரில் ஒரு மிருதங்கக் கலைஞரைப் பெரிதாகப் புகழ்வதற்கு ‘பாட்டுக்கு வாசிப்பவர்’ என்பார்கள். பாலக்காடு மணி ஐயரை அப்படித்தான் புகழ்ந்தார்கள். உருப்படியைப் பாடகருக்குச் சமமாக மனத்தில் வைத்திருந்து, எங்கே நிரப்ப வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று தெரிந்து வாசிப்பது அது. போன்ஸுக்கு வேண்டியதும் அந்தப் பண்புதான். ஆகவே தாளத்தோடு நிற்காமல் மெட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பத்து மெட்டுகளையாவது தொடக்கம் முதல் முடிவு வரை வாயால் முணுமுணுக்கத் தெரிந்த பிறகு கூடலில் போன்ஸை வெளியே எடுங்கள். எந்தப் பகுதி மேலே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால், எப்போது வெறும் தட்டு போதும், எப்போது ட்ரிப்ளெட் வேண்டும் என்பதை மெட்டே சொல்லிவிடும்.

கூடலுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. யாரும் பலகையில் எழுதி மாட்டவில்லை. ஆனால் மீறினால் முகம் சுருங்கும். வட்டத்துக்குள் நேராகப் போய் உட்காராதீர்கள். நடத்துபவரிடம் கேளுங்கள். போன்ஸின் ஒலி அறையின் கடைசி மூலைவரை குத்திக்கொண்டு போகும், ஆகவே நீங்கள் நினைப்பதில் பாதி ஒலியில் வாசியுங்கள். ஏற்கெனவே ஒருவர் பவ்ரான் என்ற தோற்கருவியை வாசித்துக்கொண்டிருந்தால் காத்திருங்கள். இரண்டு தாளக்கருவிகள் ஒரே நேரத்தில் மோதுவதை மெட்டு வாசிப்பவர்கள் விரும்புவதில்லை. தெரியாத மெட்டு வந்தால் முதல் சுற்று முழுவதும் கேளுங்கள். ஸ்லோ ஏர் என்ற தாளமற்ற இசை வந்தால், அல்லது யாராவது பாட எழுந்தால், போன்ஸ் மேசையில் கிடக்கட்டும்.

கேட்டுப் பழக யாரைத் தேடுவது என்று கேட்பீர்கள். ஷான் ஓ ரியாடா நடத்திய கியோல்டோரி குலான் குழுவிலும், பிறகு சீஃப்டன்ஸ் குழுவிலும் வாசித்த பெடர் மெர்சியேவைக் கேளுங்கள். பவ்ரானும் போன்ஸும் அவர் கையில் இருந்தன. அவரிடம் கற்ற மகன் மெல் மெர்சியே ஒரு கைப் போன்ஸை எவ்வளவு நுட்பமாகப் பேசவைக்க முடியும் என்று காட்டியவர். தந்தையும் மகனும் 1979இல் இசையமைப்பாளர் ஜான் கேஜ் உருவாக்கிய ‘ரோராடோரியோ’ என்ற படைப்பில் சேர்ந்து வாசித்தார்கள். டி டானன் குழுவின் ஜானி ‘ரிங்கோ’ மெக்டொனா, ஸ்டாக்டன்ஸ் விங் குழுவின் டாமி ஹேஸ் ஆகிய இருவரும் அடுத்து கேட்க வேண்டியவர்கள். லிமெரிக் மாவட்டத்து அபிஃபீல் என்ற சிற்றூரில் நடக்கும் ஃப்ளா பை த ஃபீல் விழாவில் அகில அயர்லாந்து போன்ஸ் போட்டி இருக்கிறது. போட்டியிட வேண்டாம், பார்வையாளராகப் போங்கள். ஒரே நாளில் எத்தனை விதமான பிடிகளை, எத்தனை விதமான கைகளைப் பார்க்க முடியும் என்று போனால் தெரியும்.

இனி நான் இந்த மடலை எழுத முக்கியக் காரணமான பகுதி. போன்ஸின் கதை அயர்லாந்தோடு முடியவில்லை. அட்லாண்டிக்குக்கு அப்பால் அதற்கு ஒரு கறை படிந்த அத்தியாயம் இருக்கிறது. 1843ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் பவரி ஆம்பிதியேட்டரில் விர்ஜினியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற நால்வர் குழு மேடையேறியது. டான் எம்மெட் ஃபிடில், பில்லி விட்லாக் பாஞ்சோ, டிக் பெல்ஹாம் டாம்பரின், ஃபிராங்க் ப்ரவர் போன்ஸ். நால்வரும் வெள்ளையர்கள். எரித்த கார்க்கின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, அடிமைத்தளையில் கிடந்த கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் ஆட்டத்தையும் கோமாளித்தனமாக்கிக் காசு பார்த்தார்கள். அதே ஆண்டில் கடல் கடந்து பிரிட்டனுக்கும் போனார்கள். அவர்களைப் பின்பற்றி எத்தனையோ குழுக்கள் முளைத்தன. மேடையின் ஒரு கோடியில் டாம்பரின்காரர், மறு கோடியில் போன்ஸ்காரர் அமர்ந்து கேலி பேசுவது அந்த ஆட்டத்தின் நிலையான அமைப்பாயிற்று. பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் மிகப் பெரிய கேளிக்கை அதுதான். போன்ஸின் ஒலி உலகெங்கும் பரவியதில் அந்த அவமதிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கேலிக்குள் களவாடப்பட்டது உண்மையான கலை என்பதை மறக்கக்கூடாது. நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற ஏழ்மைப் பகுதியில் அயர்லாந்துக் குடியேறிகளும் விடுதலை பெற்ற கறுப்பின மக்களும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். ஒருவர் ஆட்டத்தை மற்றவர் பார்த்தார்கள், ஒருவர் தாளத்தை மற்றவர் எடுத்துக்கொண்டார்கள். வில்லியம் சிட்னி மவுண்ட் என்ற ஓவியர் 1856இல் வரைந்த ‘த போன் பிளேயர்’ என்ற ஓவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் போன்ஸ் வாசிக்கும் கறுப்பின மனிதர் கோமாளி இல்லை. தன் தொழிலில் நிமிர்ந்து நிற்கும் கலைஞர். வாய்ப்பு கிடைத்தால் அந்த முகத்தைப் பாருங்கள்.

இருபதாம் நூற்றாண்டிலும் அந்தக் கைகள் ஓயவில்லை. பிரதர் போன்ஸ் என்று அறியப்பட்ட ஃபிரீமன் டேவிஸ், சீட்டியும் போன்ஸுமாக வாசித்த ‘ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்’ இசைத்தட்டு 1949இல் பெரிய வெற்றி கண்டது. ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் கூடைப்பந்து அணியின் அடையாள இசையாக அதை உலகமே கேட்டிருக்கிறது. வாசித்தவர் பெயரைக் கேட்டால்தான் தெரியாது. டெக்சாஸின் போமான்ட் நகரத்து ஜான் ‘போன்ஸ்’ நோபிள்ஸ் இன்னொரு பெரும் கை. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் வாழ்ந்த பெர்சி டான்ஃபோர்த் முதிய வயதில் ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்து, பலர் கையில் மறுபடியும் போன்ஸைக் கொண்டுவந்து சேர்த்தார். 2005இல் தொடங்கிய கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழுவில் ரியானன் கிடென்ஸ், டாம் ஃபிளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், வட கரோலினாவின் முதிய ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சனின் காலடியில் உட்கார்ந்து தங்கள் முன்னோரின் இசையைக் கற்றார்கள். ஃபிளெமன்ஸ் கையில் போன்ஸ் ஒலிக்கும்போது, கரி பூசியவர்களிடம் பறிபோன ஒன்று உரியவர் கைக்குத் திரும்பியிருக்கிறது. அந்தக் குழுவின் 2010ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு கிராமி விருதும் கிடைத்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் வாசிப்பு எப்படி மாறும் என்று கேட்கலாம். சில விஷயங்கள் உடனே மாறும். மேடையில் போன்ஸை எடுத்ததும் கோமாளித்தனமாக முகத்தைச் சுளித்து ஆடும் பழைய வழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும், அதைச் செய்ய மாட்டீர்கள். பழைய மின்ஸ்ட்ரல் பாட்டு ஒன்று வேடிக்கையாக இருக்கிறதே என்று சொற்களின் பொருள் அறியாமல் எடுத்துப் பாட மாட்டீர்கள். ‘இது அயர்லாந்தின் ஆதி வாத்தியம்’ என்றோ ‘இது அமெரிக்க நாட்டுப்புறக் கருவி’ என்றோ ஒற்றை வரியில் அறிமுகம் செய்து முடிக்கவும் மாட்டீர்கள்.

நம்மவர்களுக்கென்று ஒரு வார்த்தை. ராஜஸ்தானின் மாங்கணியார், லங்கா இசைக்குடிகள் கையில் ஆடும் கர்த்தால் கட்டைகளைக் கண்டிருப்பீர்கள். நம் பஜனைகளிலும் கதாகாலட்சேபங்களிலும் சப்ளாக்கட்டை ஒலிக்கிறது. போன்ஸைப் பார்த்ததும் இவை நினைவுக்கு வரும், வரட்டும். ஆனால் ‘எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று பப்பில் உட்கார்ந்து பேசாதீர்கள். கை வடிவில் செதுக்கிய தந்தத் தட்டுக் கருவிகள் பண்டைய எகிப்தின் கல்லறைகளில் கிடைத்திருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தில் கழுதைத் தலை முளைத்த பாட்டம் என்ற பாத்திரம் கேட்கும் இசையில் போன்ஸும் உண்டு. இரண்டு துண்டுகளைத் தட்டித் தாளம் எழுப்ப எந்த ஊர் மனிதனுக்கும் இன்னோர் ஊர் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உறவு கொண்டாடுங்கள், உரிமை கொண்டாட வேண்டாம்.

கடைசியாக, நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். காணொளியில் பிடியைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் ஆளிடம் நேரில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான போன்ஸ்காரர்கள் ஒரு குவளைத் தேநீருக்குச் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதி வையுங்கள். நாளை சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மேடையில் இதை வாசிக்க வாய்ப்பு வந்தால், மிருதங்கத்துக்குக் குருவின் பெயரைச் சொல்வதைப் போலவே, சொல்லிக்கொடுத்தவரின் பெயரைச் சொல்லுங்கள். மெட்டின் பெயரைச் சொல்லுங்கள். கரி பூசியவர்களின் கதையையும், அந்தக் கரிக்குப் பின்னால் மறைக்கப்பட்ட கலைஞர்களின் பெயர்களையும் இரண்டு நிமிடமாவது சொல்லுங்கள். சொல்லிவிட்டு வாசியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாளத் தோழன்